ஜங்ஷனில் வைத்த ஒப்பாரி

எங்கள் பக்கத்தில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடிப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். சாவுக்கு. கல்யாணத்துக்கு வந்தால் வெற்றிலை பாக்கு, பிள்ளை பிறந்தால் சர்க்கரை, வெளியூரிலிருந்து வந்தால் ஒரு சொம்பு தண்ணீர். கட்டிப்பிடிக்க வேண்டுமென்றால் நடுவீட்டில் யாராவது நீட்டிப் படுத்திருக்க வேண்டும். இன்றைக்கு என்னடாவென்றால், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். ‘யார் போனது?’ என்றுதான் எனக்கு வாயில் வருகிறது.

அதற்காக எங்களுக்குப் பாசம் கிடையாது என்று எவராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். நான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஜீயபுரத்துக்குத் தாய்வீடு போனால், அப்பா வயலிலிருந்து ஏறிவந்து, “பஸ்ஸுல கூட்டமா?” என்பார். “ஆமாம்ப்பா” என்பேன். அவ்வளவுதான், திரும்ப வயலுக்குப் போய்விடுவார். ஆனால் நான் கிளம்பும் நாளில் பஸ் கூரைமேல் அவரே ஏறி ஒரு வாழைத்தாரைக் கட்டுவார். அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் என் வீட்டுக்காரர் பொன்மலையில் அரிவாளைத் தேடுவார். எங்கள் கட்டிப்பிடிப்பு அந்த முடிச்சுதான்.

என் வீட்டுக்காரருக்கும் இந்த விஷயத்தில் சாமர்த்தியம் போதாது. ஒர்க்‌ஷாப்பில் அவரோடு வேலை பார்த்த பாய் ஒருவர் பெருநாளைக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு, அத்தர் தடவி, தோள் மாற்றித் தோள் தழுவுவார். இவர் எந்தப் பக்கம் தலையைக் கொடுப்பது என்று தெரியாமல் மூக்கில் இடி வாங்கிக்கொண்டு வருவார். “பிரியாணி அருமை. அதுக்கு முன்னால நடக்கிறதுதான் கஷ்டம்” என்பார்.

இப்படிப்பட்ட குடும்பத்துக்கு, அறுபதுகளின் தொடக்கத்தில், மலாயாவிலிருந்து ஒரு மருமகள் வந்து சேர்ந்தாள்.

என் தம்பி அங்கே ரப்பர் தோட்டமொன்றில் கிளார்க். கல்யாணத்தை அங்கேயே முடித்துக்கொண்டான். பெண் தமிழ்ப் பெண்தான், நம் ஜாதிதான், ஸ்கூலில் டீச்சர். சின்ன வயதிலேயே தாயும் தகப்பனும் போய்விட, கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் வளர்ந்தவள். ‘என்னைக் கேட்காமல் தாலி கட்டினானா’ என்று அம்மா பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் தம்பி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். அவனைக் காட்டுக்குள் ஒரு புதுத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். முதல் வருஷம் குடும்பத்தோடு இருக்க அங்கே வீடு கிடையாது. அதனால் ஒரு மாத லீவில் அவளை அழைத்து வந்து ஜீயபுரத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறானாம். அவள் வேலையையும் விட்டாயிற்று. அம்மா மாட்டேன் என்றால் அந்தப் பெண்ணுக்குப் போக்கிடம் கிடையாது. என் குவார்ட்டர்ஸில் ஒற்றை அறை, அதில் என் மாமியாரும் மூன்று பிள்ளைகளும். அங்கே ஆணி அடித்து மாட்டினால்தான் இன்னொரு ஆளுக்கு இடம்.

“வரட்டும் பார்க்கலாம். மொகத்தைப் பார்த்தா தெரிஞ்சிடும்” என்றாள் அம்மா.

கப்பல் நாகப்பட்டினத்துக்கு வந்தது. அங்கிருந்து ரயிலில் காலையில் திருச்சி ஜங்ஷன். நானும் அம்மாவும் பிளாட்பாரத்தில் நின்றோம். பக்கத்தில் கரூர் பாசஞ்சருக்காக எங்கள் பக்கத்து ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் காலிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

வண்டி வந்து நின்றது. ஒரு பெட்டியிலிருந்து ஒல்லியாக ஒரு பெண் இறங்கினாள். உடம்பில் வெள்ளை வாயில் புடவை. அதில் பொடிப்பொடியாகப் பூ இருந்ததாம், கிட்டப் போனால்தான் தெரியும். தலையில் பூ இல்லை. வியர்வையில் நெற்றிப் பொட்டு கரைந்து போயிருந்தது. தாலிச் செயின் ரவிக்கைக்குள் கிடந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. கப்பலில் வாந்தி எடுத்து எடுத்துச் சிவந்த கண் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? தம்பி அனுப்பிய போட்டோவில் பார்த்த முகம்தான். ஆனால் தம்பியைக் காணோம்.

அவளும் போட்டோவில் பார்த்துத்தான் அம்மாவை அடையாளம் கண்டாள். “அத்தை!” என்று ஒரே ஓட்டமாக வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துத் தோளில் முகத்தைப் புதைத்துத் தேம்ப ஆரம்பித்தாள்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

“எங்கடி என் புள்ள?”

அவளால் பேச முடியவில்லை. கையை மட்டும் நீட்டி ரயிலின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். அங்கே இருப்பது பிரேக் வேன். பெட்டி, மூட்டை எல்லாம் அதில்தான் வரும். பிணம் வந்தாலும் அதில்தான் வரும். ரயில்வேக்காரன் பெண்டாட்டிக்கு இது தெரியாமல் இருக்குமா?

“கப்பலேறிப் போன ராசா, கட்டையா வந்து எறங்கினியா!” என்று அம்மா எடுத்தாள் பாருங்கள், ஜங்ஷன் கூரை அதிர்ந்தது. நானும் போய் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். கூடைக்காரப் பெண்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் பக்கத்தில் சாவு யாருடையது என்று விசாரித்துவிட்டு அழுகிற வழக்கம் இல்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு, வட்டத்துக்குள் புகுந்துவிட்டார்கள். ஒருத்தி செத்துப்போன தன் அண்ணனுக்கு அழுதாள், இன்னொருத்தி ஆத்தாளுக்கு. மருமகள் நடுவில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாள். இங்கே மருமகளை இப்படித்தான் வரவேற்பார்கள் என்று நினைத்துக்கொண்டாளாம். ‘எவ்வளவு பாசமான ஊர்’ என்று இன்னும் அழுதாளாம். பிற்பாடு அவளே சொன்னாள்.

அந்த நேரம் என் தம்பி, போர்ட்டர் தலையில் இரண்டு டிரங்குப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். பிளாட்பாரம் முழுக்கக் கூட்டம், நடுவில் ஒப்பாரி. எட்டிப் பார்க்க முடியாமல் பக்கத்தில் நின்ற ஒரு கிழவரிடம் கேட்டிருக்கிறான்.

“யாருங்க, என்னாச்சு?”

“சின்ன வயசுப் பையனாம் தம்பி. கப்பல்லயே முடிஞ்சுதாம்.”

“அடப்பாவமே” என்று சொல்லிவிட்டு இவனும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். தன் சாவுக்குத் தானே மரியாதை செய்தவன் என் தம்பி ஒருத்தனாகத்தான் இருப்பான்.

பிறகுதான் வட்டத்துக்குள் வெள்ளைப் புடவையைப் பார்த்து, “அக்கா!” என்று கத்தினான். திரும்பினேன். உயிரோடு நிற்கிறான். எனக்கு வந்த கோபத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். அழுகிறவள் அறைவதைப் பார்த்துப் போர்ட்டர் பெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

அம்மா அவனைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தாள். தடவி முடித்ததும் கூடைக்காரிகளில் ஒருத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஏங்க, இவருதான் செத்தவரா?”

“ஆமாம்” என்றேன்.

“அப்ப நாங்க எதுக்குங்க அழுதோம்? எங்க கரூர் வண்டியும் போயிடுச்சு!”

“உங்கள யாரு அழச் சொன்னது?” என்று நான் எகிறினேன்.

“நல்லா இருக்கே! தொண்டை கிழியக் கத்தினதுக்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா? மகராசன் நூறு வயசு இருக்கட்டும், ஆனா அடுத்த தடவை செத்தா நாங்க வரமாட்டோம்.”

அம்மாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. மருமகளைப் பார்த்தாள். “உசுரோட இருக்கிற புள்ளைக்கு என் வாயால ஒப்பாரி வைக்க வச்சிட்டியேடி” என்றாள். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. கையை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், கிளாஸில் தண்டனை வாங்கியவள் மாதிரி.

அழுத அழுகைக்கு முழுக்குப் போடாமல் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள் அம்மா. சாவுக்கு அழுதால் தலைமுழுக வேண்டும். சாவே நடக்கவில்லையே என்று தம்பி ஏதோ சட்டம் பேசினான். “வாயை மூடுடா, செத்தவன் பேசக்கூடாது” என்றேன். குதிரை வண்டி இரண்டு பிடித்து, டிரங்குப் பெட்டியோடு, பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போனோம். கூடைக்காரிகளும் அழுதவர்கள்தானே, அவர்களுக்கும் முழுக்கு உண்டே. அவர்களும் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். வழியெல்லாம் தம்பியிடம் மலாயாவில் அரிசி எப்படி, புடவை எப்படி என்று விசாரணை.

காவிரியில் நல்ல தண்ணீர். முழுகி எழுந்து மருமகள் படியில் ஒதுங்கி நின்றாள். ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் குளித்துவிட்டு, ஈரப் புடவையும் இடுப்பில் பித்தளைக் குடமுமாக மேலே ஏறி வந்தார். மடி. அதாவது வீட்டுக்குப் போய்ப் பெருமாளுக்குப் பூஜை முடியும் வரை யாரும் மேலே படக்கூடாது. அவர் இவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தார்.

“ஏண்டிம்மா, கழுத்துல திருமாங்கல்யம் தெரியறது, நெத்தி பாழா இருக்கலாமோ? இந்தா” என்று குங்குமச் சிமிழைப் படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

அன்று காலையிலிருந்து அவளிடம் யாராவது அன்பாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பாவி மகள், “தேங்க்ஸ் மாமி!” என்று ஒரே தாவலாகத் தாவி அவரைக் கட்டிப்பிடித்துவிட்டாள்.

படித்துறையே அப்படியே நின்றுவிட்டது.

“ரங்கா! தொட்டுட்டாளே!” என்றார் மாமி. குடத்துத் தண்ணீரைப் படியில் கவிழ்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “தொட்டா என்னங்க? ஒட்டிக்கவா போவுது?” என்று சண்டைக்குப் போனேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உன்னை யாருடிம்மா என்ன சொன்னா? தீர்த்தம் பெருமாளுக்கு. இன்னொரு தரம் முழுகிட்டுப் போறேன், காவேரியில ஜலத்துக்குக் குறைச்சலா? கொழந்தை ஆசையாத்தானே தொட்டா.” திரும்ப இறங்கித் தண்ணீருக்குள் போய்விட்டார். சண்டை போட ஆள் இல்லாமல் நான் படியில் நின்றேன். அது எனக்கு ரொம்ப எரிச்சலான விஷயம்.

அம்மா புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “பார்த்தியாடா? போற எடமெல்லாம் ஆளுங்களைத் தலைமுழுக வைக்கிறா. ஒரு வருஷம் இவள வச்சுக்கிட்டு நான் ஆத்துலயே கிடக்கணுமா? நீ கப்பலேறும்போது இவளையும் கூட்டிக்கிட்டுப் போயிடு.”

“எங்கம்மா கூட்டிக்கிட்டுப் போறது?”

“அதைத் தாலி கட்டறதுக்கு முன்னால யோசிச்சிருக்கணும்.”

ஜீயபுரத்தில் அந்த மாதம் ஒரு கோர்ட்டு மாதிரி கழிந்தது. அம்மா அவளைத் திட்டவும் இல்லை, பேசவும் இல்லை. நான் இரண்டு நாளுக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போய் அவளுக்குப் பாடம் நடத்தினேன்.

“கையை முந்தானைக்குள்ள வச்சுக்க. வெளியில எடுக்காத.”

“வீட்டுக்கு வர்றவங்களை எப்படி வரவேற்கிறது அண்ணி?”

“வாங்கன்னு சொல்லு. தண்ணி குடு.”

“ரொம்பப் பிரியமானவங்க வந்தா?”

“ரெண்டு தடவை வாங்கன்னு சொல்லு.”

“எனக்கு அழுகை வந்தா?”

“அடுப்பு ஊது. பொகைன்னு நினைச்சுப்பாங்க.”

நல்ல மாணவி. கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டாள். அப்பா மட்டும் ஒருநாள் வயலிலிருந்து வந்து அவளிடம், “மலாயாவுல பஸ்ஸுல கூட்டமா?” என்று கேட்டிருக்கிறார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

தம்பி புறப்படச் சில நாள் இருக்கும்போது பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, காலமானாள். பக்கத்து ஊர்தான். வயதும் அதிகம், வாயும் அதிகம். எனக்கும் அவளுக்கும் ஆகாது, அதனால் நான் பொய்யாகக் கண்ணைக் கசக்கப் போவதில்லை. ஆனால் அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்களில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.

வாய்க்கால் கரையோரமாக நாங்கள் நடந்து போய்ச் சேர்ந்தபோது அம்மா முன்னாலேயே போய் வட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். வருகிற ஒவ்வொரு பெண்ணும் குனிந்து, உட்கார்ந்து, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழவேண்டும். அதுதான் முறை. நான் கட்டிக்கொண்டேன். என் பின்னால் வந்த மருமகள் வாசற்படியிலேயே நின்றாள். கை முந்தானைக்குள். சொல்லிக் கொடுத்தது நான் அல்லவா!

“மலாயாக்காரிக்கு நெஞ்சு கல்லுடி” என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். “அங்கெல்லாம் ரப்பர்ல செய்வாங்களாம்” என்றாள் இன்னொருத்தி. அவளைத் திரும்பிப் பார்த்து முறைத்தேன். சாவு வீடாக இல்லாவிட்டால் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

அம்மா தலையைத் தூக்கினாள். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள்.

“ஏண்டி, அங்க என்ன கம்பம் மாதிரி நிக்கிற? வா இங்க.”

அவள் அசையவில்லை. “தொடலாமா அத்தை?” என்றாள்.

ஒப்பாரி நின்றுவிட்டது. எல்லாப் பெண்களும் அம்மாவைப் பார்த்தார்கள்.

“இங்கதாண்டி தொடணும்!” என்றாள் அம்மா.

அவ்வளவுதான், அவள் வந்து விழுந்தாள். ஒப்பாரி வைக்கும்போது ஒருத்தி முதுகில் ஒருத்தி தாளத்துக்குத் தட்ட வேண்டும், வாயில் பாட்டு வர வேண்டும். அவளுக்குத் தாளமும் தெரியாது, பாட்டும் தெரியாது. “அம்மா, அம்மா” என்று அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அழுதாள். பெரியம்மாவை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். யாருக்கு அழுகிறாள் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. விடுதியில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தாய் செத்த சேதியைச் சொல்லி, ஜெபம் செய்துவிட்டு வகுப்புக்கு அனுப்பிவிட்டார்களாம். அம்மா தாளம் தட்டுவதை விட்டுவிட்டாள். அவள் முதுகைச் சும்மா தடவிக்கொண்டே இருந்தாள்.

எடுத்துக்கொண்டு போன பிறகு எல்லாரும் வாய்க்காலில் முழுகினோம். கரையேறும்போது அம்மா தம்பியிடம் சொன்னாள்:

“நீ மட்டும் போய்ட்டு வா. அவ இங்க இருக்கட்டும். ஒழுங்கா அழக்கூடத் தெரியல. நான்தான் கத்துக் குடுக்கணும்.”

தம்பி நாகப்பட்டினம் புறப்பட்ட அன்று மறுபடி அதே ஜங்ஷன், அதே பிளாட்பாரம். பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதே அம்மா உத்தரவு போட்டாள். “இங்க யாரும் யார் மேலயும் கை வைக்கக்கூடாது. எனக்கு இன்னொரு முழுக்குக்குத் தெம்பில்ல.”

வண்டி வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு கை தூரத்தில் நின்றார்கள். ஒரு வருஷம் பார்க்கப் போவதில்லை. “போயிட்டு வரேன்” என்கிறான். “உடம்பப் பாத்துக்குங்க” என்கிறாள். அவள் கை முந்தானைக்குள் முறுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. சாவு வீட்டில் கட்டிக்கொள்ள ஊரே சேர்ந்து கூப்பிடும். உயிரோடு போகிறவனைத் தொட்டால் குற்றமா? இதை எவன் எழுதி வைத்தான்?

“கட்டிப்புடிச்சுத் தொலைங்களேண்டா!” என்று கத்திவிட்டேன். போர்ட்டர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“எனக்கு டீ வேணும். வா.”

ரயில்வே டீயை அம்மா அதுவரை வாயில் வைத்ததே இல்லை. ஸ்டாலுக்குப் போய், வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். டீயை வாங்கி ஊதிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. என்னையும் திரும்பவிடவில்லை. நான் அவள் சொன்னதைக் கேட்கிறவளா? திரும்பிப் பார்த்தேன்.

இரண்டும் கை குலுக்கிக்கொண்டிருந்தன. ஆபீஸில் புது மேனேஜர் வந்தால் குலுக்குவார்களே, அப்படி. முட்டாள்கள்.

விசில் ஊதியது. அம்மா டீயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“முடிஞ்சுதா?”

“கை குலுக்கினாங்கம்மா.”

“அவ்வளவுதானா?” என்றாள் அம்மா. டீயைக் கீழே ஊற்றிவிட்டு, மருமகளை அழைத்து வர நடந்தாள்.